சிவப்புத் துணி கட்டிய மூஞ்சூறு

பஞ்சுக் கிடங்கில் எலிகளை வேலை வாங்கிய பெருச்சாளி, கீச்சுக்குரல் நல்லா கேட்கும் என்று ஒரு மூஞ்சூற்றின் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டியது. "புகை வந்தா கத்து, எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போ. பயிற்சி அவ்வளவுதான்."

மறுநாளே புகை வாடை வந்தது. மூஞ்சூறு கத்த, எலிகள் வெளியே ஓடின. பார்த்தால், வாசலில் எவனோ பீடி குடிக்கிறான்.

"அறிவிருக்கா? வேலை கெட்டுப்போச்சு! இனி என்னைக் கேட்காம வாயைத் திறக்காதே!" என்று பெருச்சாளி எகிறியது.

இன்னொரு நாள் பஞ்சு நிஜமாகவே பற்றிக்கொண்டது. "ஓடலாமாக்கா?" என்றன எலிகள்.

"இருங்கடா, ஐயாவைக் கேட்டுட்டு வர்றேன்."

ஐயாவின் வளை காலியாக இருந்தது. மூஞ்சூறு திரும்பி வந்து கத்துவதற்குள் அதற்கும் எலிகளுக்கும் நடுவில் நெருப்பு வந்துவிட்டது.

வெளியே பெருச்சாளி பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தது: "பயிற்சி குடுத்துத்தானே வச்சிருந்தேன்!"