வராத போலீஸ்காரர்

"கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, தாத்தா! அபராத டிக்கெட் குடுத்த போலீஸ்காரர் கோர்ட்டுக்கு வரலைன்னா விட்டுடுவாங்க. போய்க் கொண்டாடுங்க!" என்றேன்.

அமெரிக்காவில் ஒரு கவுண்டி நீதிமன்றத்தில் ஆவணப் பிரிவு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் நான். வேகமாகக் கார் ஓட்டி மாட்டிக்கொண்டவர்கள், போலீஸ்காரர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் வருவார்கள். ஹார்லன் கிழவரோ கோட்டும் டையுமாக வந்து, இப்போது முகம் தொங்கிப்போய் நின்றார்.

"இன்னொரு தேதி குடுக்க மாட்டாங்களாம்மா?"

"முடிஞ்சுபோன கேஸுக்கா? நல்லா இருக்கே கதை!"

"சரி, அந்தப் போலீஸ்காரர் போட்ட மத்த கேஸையாவது பாக்கலாமா? எந்த ரோட்டுல நிக்கிறார்னு தெரியணும்."

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் பொது ஆவணம். யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"காலையில எல்லாம் ஆலை ரோடுதான். தேடிப் போய் வம்பு பண்ணாதீங்க தாத்தா, அப்புறம் கம்பி எண்ணணும்."

"வம்பா? அன்னைக்கு வண்டியை நிறுத்தி, 'லைசென்ஸ் குடுங்க'ன்னு கேட்டான். அவன் அம்மா போனதுக்கப்புறம் என்கிட்ட அவன் பேசினது அது ஒண்ணுதான்." தொப்பியை எடுத்துக்கொண்டார். "பெத்த புள்ளை, வீட்டுக்குத்தான் வரலை. கோர்ட்டுக்காவது வருவான்னு நெனச்சேன்."

அவர் போனதும் வெளியே எட்டிப் பார்த்தேன். அவருடைய பழைய டிரக் ஆலை ரோட்டுப் பக்கம் திரும்பியதும் சீறிக்கொண்டு பறந்தது.