வலைவீட்டில் வடகம்

"ரெண்டே நாள்தான், பொறுத்துக்கோடி தங்கம்" என்று கொஞ்சித்தான் பச்சோந்தியைக் கறுப்புச் செருப்பு டப்பாவில் வைத்தார்கள். மூன்று வாரமாயிற்று. அதற்கென்றே வாங்கிய வலைவீட்டிலோ, காக்கை கொத்தாமல் வடகம் காய்கிறது!

"வடகத்துக்கு வீடு, எனக்கு டப்பாவா?" என்று பச்சோந்தி குமுறியது. ஆத்திரத்தில் உடம்பெல்லாம் கறுத்துப் போயிற்று.

சுவரிலிருந்த பல்லி சொன்னது: "வாயைத் திறந்து வீட்டுக்காரியிடம் சொல்லேன்டி."

"சொல்ல வேறு வேண்டுமா? என் நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா?"

வீட்டுக்காரி மூடியைத் திறந்தாள். "என்னங்க, இங்கே பாருங்களேன்! டப்பா நிறத்துக்கே வந்துடுச்சு. சமத்து, இதுலயே பழகிடுச்சு. இனிமே இதுவே போதும்."

பச்சோந்தி வாயைத் திறந்தது. அவள் விரலை நறுக்கென்று கடித்தது.

சாயங்காலத்துக்குள் வடகம் முறத்துக்குக் குடிபோயிற்று.