ஏழாம் அத்தியாயம்

"த்தூ! கலீஜு!"

பின்வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் ஆய்ந்துகொண்டிருந்த மீன்காரி சொக்கம்மாள் வெளியே காறித் துப்பினாள்.

உள்ளே கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் நிறுத்திவிட்டாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்த அம்மா அன்னபாக்கியத்துக்குத்தான் கோபம் வந்தது.

"நல்ல புஸ்தகம் வாசிக்கிற எடத்துல துப்புறியே, அறிவு இருக்கா உனக்கு? மீனை ஆஞ்சு குடுத்துட்டு எழுந்து போ."

"மீன் நாத்தம் எவ்ளோ தேவலாம்மா. இந்தக் கதைதான் கொமட்டுது."

ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அந்த வருஷம் பெண்கள் மாற்றி மாற்றிப் படித்த புத்தகம் அது. 'மீட்பு கண்ட மாலுமி' என்று பெயர். ரங்கூன் கப்பலில் வேலை பார்த்த ஒரு குடிகாரன், மனைவி செத்த துக்கத்தில் மனம் திரும்பி வேதத்தில் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரைக் காதலித்துக் கைப்பிடிக்கிற கதை.

காசிமேட்டுச் சொக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மீன் கொண்டுவருகிற நாளெல்லாம், தலைத்துணியை இடது காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, கதை கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள்.

"எது குமட்டுது, சொல்லு" என்றாள் ஃப்ளோரன்ஸ். அவளும் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். பிள்ளைகளிடம் கேட்கிற அதே பொறுமையோடு கேட்டாள்.

"இப்ப படிச்சியே, ஏழாம் அத்தியாயமோ இன்னாவோ. அத்த இன்னொரு தபா படி."

ஃப்ளோரன்ஸ் படித்தாள். "'நாதா, எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கம்மல் மட்டுமே. இதையும் நீரே எடுத்துக்கொள்ளும்' என்று புன்னகையோடு கழற்றிக் கொடுத்தாள் அந்த உத்தமி. மறுநாளே அவளுக்கு வாந்திபேதி கண்டது. கணவனின் மடியில் தலை சாய்த்து, 'நீர் நல்வழி சேரும்' என்று கைகூப்பிக் கண்மூடினாள்."

"சாராயத்துக்குக் கம்மல் கேட்டா, சிரிச்சிகினே கழட்டிக் குடுத்தாளாமா? எந்தக் குடிகாரன்மா கேட்டு வாங்குவான்? பிச்சிகினு ஓடுவான்! அப்பால அவளும் தோதா செத்துப்பூட்டா. இவுரு ஜம்முனு புது மாப்ள ஆயிட்டாரு. சீ!"

"உங்க ஆளுங்களுக்கு இயேசு பேரைக் கேட்டாலே கசக்கும்" என்றாள் அன்னபாக்கியம், நூலைப் பல்லால் கடித்தபடி.

"ஏசு சாமிய நான் ஒண்ணியும் சொல்லலம்மா. அவுரு இன்னா செய்வாரு, பாவம். எழுதுனவனத்தான் சொல்றேன்."

ஃப்ளோரன்ஸின் முகம் சுண்டிப்போனது. புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"எழுதினவர் யார் தெரியுமா, சொக்கம்மா? நான் கட்டிக்கப்போறவர். மிஸ்டர் ஞானாபரணம். இது கட்டுக்கதை இல்ல, அவரோட வாழ்க்கை. கடைசியில வர்ற கல்யாணம் மட்டும் என்னை மனசுல வச்சு முன்கூட்டியே எழுதினது. எத்தனையோ வரன் வந்து தட்டிப்போச்சு, எனக்கும் வயசு முப்பது ஆகப்போகுது. இனிமே கல்யாணமே வேண்டாம்னு இருந்தவ, இதைப் படிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன். செத்த பொண்டாட்டியை இவ்வளவு உசத்தியா எழுதறவர் என்னை எப்படி வச்சுப்பார்! அந்த உத்தமியை நினைச்சு நான் அழாத நாளில்ல."

மீனின் வயிற்றில் சொக்கம்மாளின் கத்தி பாதியில் நின்றது.

"கண்ணாலம் எப்போ?"

"கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு" என்றாள் அன்னபாக்கியம் பெருமையாக. "மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு சொல்லி, 'யாருக்காவது தடை இருந்தா எழுந்து சொல்லுங்க'ன்னு ரெண்டு ஞாயித்துக்கிழமையும் போதகர் கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நாளைக்கு மூணாவது ஓலை. புதன்கிழமை கல்யாணம்."

"எங்க குப்பத்தாளுங்க உங்க கோயிலுக்கு வந்தாத்தானே வாயத் தொறக்க?" என்றாள் சொக்கம்மாள். "ஆமா, மாப்ளய ஒரு நாள்கூட இந்தப் பக்கம் பாக்கலியே?"

"அவருக்குக் கடல் காத்து ஒத்துக்காது. வேப்பேரியில அச்சாபீஸ் வேலை, ஜாகை, எல்லாம் அங்கேயே. கல்யாணமும் அங்கதான். நாங்கதான் டிராம்ல போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

"கப்பல்ல கெடந்த ஆளுக்குக் கடக்காத்து ஒத்துக்கலியாமா!"

சொக்கம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"பாப்பா, ஓலைல ஞானாபரணம்னுதானே படிச்சாங்க? தண்ணி தெளிச்சிப் பேரு வெக்கிறதுக்கு மின்ன, அவுரு பேரு இன்னா?"

"ஞானஸ்நானத்துக்கு முன்னாடியா? எத்திராஜ்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "ஏன் கேக்கற?"

சொக்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, சேலையில் துடைத்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்தாள்.

இடது காதின் மடல், கம்மல் போடுகிற துளையிலிருந்து கீழ்வரை கிழிந்து, இரண்டு துண்டாக ஆறிப்போயிருந்தது.

அன்னபாக்கியம் ஊசியைப் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டாள். சொக்கம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. ஃப்ளோரன்ஸை மட்டும்தான் பார்த்தாள்.

"எனக்கோசரம் இனிமே அழாத பாப்பா. ஏழாம் அத்தியாயத்துல செத்தவ நான்தான்."