மேபலின் கவுன்

தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் வசிக்கும் சுகிர்தத்திடம் நாற்பத்தொரு பொம்மைகள் இருக்கின்றன. அவற்றில் வளர்வது மேபல் மட்டும்தான். சுகிர்தத்தின் ஆறாவது வயதில் அப்பா ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் வாங்கித் தந்தபோது அது உள்ளங்கையில் உட்காரும். அதற்குச் சட்டை தைக்கப்போய்த்தான் அவள் ஊசி பிடிக்கக் கற்றாள். இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு. மேபல் அவள் இடுப்பு உயரம் இருக்கிறது.

வீட்டில் அவளும் கணவர் தேவசகாயமும்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேபலுக்குப் புதுக் கவுன் தைப்பாள். கீழே நாலு விரல் அகலம் உள்மடிப்பு விடுவாள்.

“பொம்மைக்கு இன்னாத்துக்கு மடிப்பு?” என்று கல்யாணமான புதிதில் அவர் கேட்டார்.

“வளர்ற புள்ளைக்கு மடிப்பு வுட்டுதாங்க தைக்கணும்.”

அப்புறம் அவர் கேட்கவில்லை. வருஷா வருஷம் கதவு நிலையில் மேபலின் உயரத்தைப் பென்சிலால் குறிப்பவரே அவர்தான்.

இந்த வருஷம் சுகிர்தத்துக்குக் கண்ணில் புரை. புதுக் கவுன் தைக்கவில்லை. பழைய கவுனோ முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பையாவது பிரித்து இறக்கலாமென்றால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தேவசகாயமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் முயன்று தோற்றார்.

“இந்த தபா குட்டைக் கவுன்தான். கோச்சிக்காதடீ கண்ணு” என்று மேபலின் தலையைத் தடவிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஆராதனைக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது கவுனின் மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. மேபலின் மடியில் ஊசி இருந்தது. நூல் கோர்த்து, நுனியில் முடிச்சும் போட்டிருந்தது.

“முடிச்சு இவ்ளோ பெருசா போடக் கூடாதுடீ” என்று சொல்லிக்கொண்டே சுகிர்தம் தைக்க உட்கார்ந்தாள்.