பனிமலையில் மோட்டார் சைக்கிள்

மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போய்த் திரும்பிய சிலுவைராஜைச் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுக கேண்டீனில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"டிசம்பர் பனியில கார் கிளம்பல. மகளோ மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில தனியா இருக்கா. மருமகன் வேலையா வெளியூர் போயிருந்தாரு. அவரோட பெரிய மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுத்தான் போனோம். குளிர்ல காதெல்லாம் மரத்துப்போச்சு. வளைவுக்கு வளைவு வழுக்குது."

"போய்ச் சேர்ந்தீங்களா?"

"சேரவும் பேத்தி பிறக்கவும் சரியா இருந்துச்சு."

"இந்த வயசுல அவ்வளவு பெரிய வண்டிய எப்படிண்ணே ஓட்டினீங்க?" என்றார் அழகப்பன்.

"நான் எங்க ஓட்டினேன்? எனக்கு சைக்கிளே வராது லா. ஓட்டினது என் சம்சாரம் மதலேனா. அவ அண்ணன் ஒர்க்‌ஷாப்ல சின்ன வயசுலயே கத்துக்கிட்டா."

"அப்ப நீங்க?"

"பின்னால உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். அதுக்கும், 'சாமிய அப்புறம் கூப்பிடலாம், முதல்ல என் இடுப்ப விடுங்க, மூச்சு முட்டுது'ன்னு திட்டுறா."