யாவ் அத்தை வீட்டு பல்பு

ஷாங்காயில் நான் பிறந்த சந்து வீட்டைப் புதுப்பித்து, கீழே இருந்த பொதுச் சமையலறையைக் காப்பிக் கடையாக்கிவிட்டார்கள். கடையைப் பார்த்துக்கொள்வது நான்தான். அந்தக் காலத்தில் அந்தச் சமையலறையில் குடித்தனத்துக்கு ஒரு பல்பு தொங்கும். அதன் சுவிட்ச் மாடியில், அவரவர் அறைக்குள் இருக்கும். இப்போது மாடியே கிடையாது. கூரை வரை வெறும் வெளி. பழைய பல்புகளை மட்டும் பழைய இடங்களில் அழகுக்காக மாட்டியிருக்கிறார்கள், கரண்ட் கொடுக்காமல்.

அதில், அப்போது மாடியில் எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்த யாவ் அத்தை வீட்டு பல்பு ஒரு வாரமாக அணையாமல் எரிகிறது. முதலாளி என்னைத்தான் திட்டுகிறார்.

"எத்தனை தடவைதான் உங்களைக் கூப்பிடுறது, லூ அண்ணே? இன்னைக்காவது அணைச்சிட்டுப் போங்க," என்றேன்.

"ஒயரே இல்லம்மா, எதைப் பிடுங்கச் சொல்றே? வேணும்னா ஊதிப் பாரு," என்றபடி ஏணியிலிருந்து இறங்கினார் எலக்ட்ரீஷியன் லூ.

வாசலில் மதியக் கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது. வந்த எரிச்சலில், அம்மா உயிரோடு இருந்தவரை தினமும் கத்தியதைப் போலவே நானும் அண்ணாந்து கத்தினேன்.

"யாவ் அத்தை! ஆளில்லாம லைட்டு எரியுது, அணைங்க!"

மேலே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பல்பு அணைந்தது.

லூ ஏணியை மடிக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அதே சத்தம். பக்கத்தில் தொங்கிய எங்கள் வீட்டு பல்பு எரிந்தது.