கூடையில் விழுந்த அலுவலகம்

எழுபத்தொரு வயதில், ஒற்றைத் தட்டை எறிந்து, எங்கள் மாநகராட்சிக்குப் புதிதாக ஓர் அலுவலகத்தையே திறந்து வைத்தவன் நான். ஊரே நம்பியது. கூடவே விளையாடும் என் மச்சினன் தணிகாசலம் மட்டும், "விடுங்க மாமா, காது வலிக்குது" என்றான்.

மாநகராட்சியின் செலவுகளை இப்போது வெட்டுவது ஓர் இயந்திரம். எங்கள் டிஸ்க் கோல்ஃப் மைதானத்தில், தூரத்திலிருந்து தட்டெறிந்து சங்கிலிக் கூடையில் விழவைப்போம். ஒன்பது கூடைகளில் எட்டை அது பிடுங்கிவிட்டது. ஒன்பதாவதும் போனால் நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

அந்தக் கடைசிக் கூடையும் வீண்செலவா என்று பார்க்க ஒரு டிரோன் வந்தது. தணிகாசலம் வராத நாள் அது. நான் எறிந்த தட்டு டிரோனை இடித்து, இரண்டும் சேர்ந்து கூடைக்குள் விழுந்தன. மூன்று மாவட்டங்களுக்குச் சத்தம் கேட்டது.

டிரோன் அங்கேயே கிடந்தது. மாநகராட்சியின் பொருள், மாநகராட்சி நிலத்தில், நாள் முழுக்க அசையாமல் இருக்கிறது. அப்படியானால் அது அலுவலகம்தான் என்று இயந்திரம் முடிவுகட்டியது. மைதானத்தை வெட்டலாம், அலுவலகத்தை வெட்ட எந்த இயந்திரத்துக்கும் துணிச்சல் கிடையாது. பிடுங்கிய எட்டுக் கூடைகளும் கிளை அலுவலகங்களாகத் திரும்பி வந்தன.

தணிகாசலத்தை இழுத்துப்போய்க் கூடையில் தொங்கிய பலகையைக் காட்டினேன். 'துணை மண்டல அலுவலகம். உணவு இடைவேளை ஒன்று முதல் மூன்று வரை.' இரண்டு முறை படித்தான்.

"நடந்திருக்குங்க மாமா, ஒத்துக்கறேன்" என்றான். "இப்ப எறியலாமா, இல்ல மூணு மணி ஆகணுமா?"